இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பிப்ரவரி 2, திங்கள்

ஈரேழு பதினான்கு உலகங்களையும் சாட்சிக்கு அழைத்து, வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையால் இட்லித் தட்டை மூடிவிட்டு, இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இந்த டைரியில் நான் எழுதப்போகும் கதையை ஒரு மனிதரும் நம்பமாட்டார். நம்புகிறவர் எவராவது இருந்தால் உடனே நல்ல வைத்தியரைப் பார்ப்பது உத்தமம்.

எழுதுபவன் கோதண்டபாணி. வயது அறுபத்தொன்று. திண்டுக்கல் நாகல் நகரில், ஒரு மாடிப்படிக்குக் கீழே, எட்டுக்கு ஆறு அடியில் விரிந்து பரந்து கிடக்கும் மங்கள ஜோதி திருமணத் தகவல் நிலையத்தின் நிறுவனர், மேலாளர், பெருக்குபவர். இருபத்தெட்டு ஆண்டுகளில் நாற்பதாயிரம் கல்யாணம் முடித்துவைத்திருக்கிறேன். அக்கா ருக்மணி நானூறு என்பாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பூஜ்ஜியம் வராது. எனக்கு மட்டும் கல்யாணம் ஆகவில்லை. பந்தி பரிமாறுகிறவன் கடைசியில்தானே சாப்பிட வேண்டும்; அதற்குள் இலை தீர்ந்துவிட்டது.

என்னிடம் கணினி கிடையாது. ஏழு பெரிய நோட்டுகள். ஒரு பக்கத்துக்கு ஒருவர். நீல மையில் பெயர், நட்சத்திரம், படிப்பு, வேலை, சம்பளம், தொலைபேசி. மூலையில் ஒட்டிய சிறு புகைப்படம். பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி. பையன் குடிப்பானா, பெண்ணுக்கு முன்பு ஒரு நிச்சயம் நின்றதா, என்று நான் விசாரித்து அறிந்தது. நீலம் ஊருக்கு. சிவப்பு எனக்கு. ஒட்டாத இடத்துக்கு ஜாதகம் போகாமல் தடுப்பது அந்தச் சிவப்புதான். அதை இன்றுவரை ஒருவருக்கும் காட்டியதில்லை. ‘வாய் பொய், நோட்டு மெய்’ என்று ஊர் எனக்குப் பட்டமே கொடுத்திருக்கிறது.

அரிசி மண்டியில் வருடா வருடம் கொடுக்கும் டைரி இதுவரை வடை எண்ணெய் ஒற்றத்தான் பயன்பட்டது. இந்த ஆண்டு வரலாறு என்னைத் தேடி வந்துவிட்டது. செல்போன் உறை விற்கும் ஜமால் பாய், எங்கள் சிறு வியாபாரிகள் வாட்ஸப் குழுவின் தலைவர், அதைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“அண்ணே, தகவல் பாதுகாப்புன்னு சட்டமாம். ஒருத்தர் போன் நம்பர எழுதி வைக்கணும்னாக்கூட சம்மதம் வாங்கணுமாம். வெளிய விட்டுட்டா கோடிக்கணக்குல அபராதமாம்.”

“எத்தன கோடி?”

“நம்ம தெருவ வித்தாலும் பத்தாதுண்ணே.”

நான் எழுந்து நின்றேன். எங்கள் நிலையத்தில் நான் எழுந்து நின்றால் வேறு எவரும் நிற்க இடம் இராது. “பாய், கவலைய விடுங்க. இந்தச் சட்டத்த நான் பாத்துக்கிறேன்,” என்றேன்.

பிப்ரவரி 4, புதன்

முகநூலில் என் முதல் பாணம் புறப்பட்டது:

‘நாளை முதல் ஜாதகம் எழுத ஒன்பது கிரகங்களிடமும் தனித்தனியே சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். ராகுவுக்குக் கை இல்லை. கேதுவுக்குத் தலை இல்லை. புகைப்படம் எங்கே ஒட்டுவது? சனி பகவான் வந்து கையெழுத்துப் போட ஏழரை ஆண்டு ஆகும். அதுவரை நம் பெண்பிள்ளைகள் காத்திருக்கட்டுமா?’

மாலைக்குள் ஆயிரத்து முந்நூறு லைக். தேநீர்க் கடைக்காரர் எனக்கு மட்டும் தம்ளரைக் கழுவிக் கொடுத்தார்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிந்தேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

செண்பகவல்லி என்று ஒரு வழக்கறிஞர். நத்தம் சாலையில் அலுவலகமாம். என் பதிவுக்கு அடியில் வந்து நிதானமாக உட்கார்ந்துகொண்டார்.

‘ஐயா, நகைச்சுவை நன்று. சட்டம் கேட்பது இவ்வளவுதான். எதற்கு என்று சொல்லி வாங்குங்கள். தேவைக்கு மேல் வாங்காதீர்கள். பத்திரமாக வையுங்கள். நீக்கச் சொன்னால் நீக்குங்கள்.’

விடுவேனா? ‘அம்மணி, பெரிய கம்பெனிக்கு நூறு வக்கீல். எனக்கு ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் மூன்றாம் எண்ணில் மட்டும் சுற்றும். அவனுக்கும் எனக்கும் ஒரே தராசா?’ என்று போட்டேன். இரண்டாயிரம் பேர் கைதட்டினார்கள். இதில் புளுகே இல்லை என்பதால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அந்த அம்மா ஒரு வரி எழுதினார்: ‘ஒரு மின்விசிறிதான் இருக்கலாம் ஐயா. உங்கள் விளம்பரப்படியே ஆயிரத்து நானூறு பெண்களின் தொலைபேசி எண்ணும் உங்களிடம் இருக்கிறது.’

அதற்கு எழுபத்தாறு லைக். யார் அந்தத் துரோகிகள் என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். நாற்பத்து மூன்றாவது பெயர் வசுமதி. என் சொந்த அக்கா மகள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு குடம். ஏழாவது குடம் இன்னும் முதுகில் இருக்கிறது.

பிப்ரவரி 9, திங்கள்

துரோகி நேரில் வந்தாள். வசுமதிக்கு முப்பத்தொன்று. வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில், நூல் எவ்வளவு இழுத்தால் அறும் என்று சோதிக்கும் வேலை. என்னையும் அப்படித்தான் சோதிப்பாள்.

“என்னா மாமா, ராகுவுக்குக் கை மொளச்சுருச்சா?”

“அந்த வக்கீலம்மாவுக்கு நீ லைக் போட்டதப் பாத்தேன்.”

“சரியாத்தான சொல்றாங்க.”

“மாமன் பக்கம் நிக்க மாட்டியா நீயி?”

“மாமன் பக்கம்தான் நிக்கிறேன். மாமன் போஸ்ட்டுப் பக்கம் நிக்கல.”

வந்த காரியம் வேறு. பழனியில் பாலிடெக்னிக் ஆசிரியர் அழகேசன். அவன் அப்பா நாச்சியப்பன் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறார். நான் கொண்டுவந்த இடம். பத்தில் எட்டுப் பொருத்தம். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், இரு பக்கமும் பிடித்திருக்கிறது. வருகிற 22, ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் தனியாக ஒரு ஓட்டலில் உட்கார்ந்து பேசப்போகிறார்கள்.

“அன்னைக்கு நான் சொல்லிருவேன் மாமா. நீங்க முந்திரிக்கொட்ட மாதிரி முன்னால நிக்கக் கூடாது.”

எதைச் சொல்லப்போகிறாள் என்பது டைரிக்குத் தெரிய வேண்டியதில்லை. உடம்பு சம்பந்தமான ஒன்று. ஆறு வருடமாகத் தொந்தரவு இல்லை. முதலில் வந்த இடத்தில் அக்கா அதை மறைத்தாள். எப்படியோ தெரிந்து நிச்சயம் நின்றது. அடுத்த இடத்தில் அக்காவே முதலில் சொன்னாள். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூட அவர்கள் வரவில்லை. இந்த முறை வசுமதியின் வழி. முதலில் ஆளை ஆள் அறியட்டும், பிறகு என் வாயால் நானே சொல்கிறேன், மற்றவர் எவரும் சொல்லக் கூடாது என்றாள்.

அந்த இரண்டு வீட்டாரைத் தவிர, அவளுக்கும் அக்காவுக்கும் டாக்டருக்கும் எனக்கும் என் ஏழாவது நோட்டின் 212ஆம் பக்கத்துக்கும் மட்டும் தெரிந்த சங்கதி அது. என் வாய்க்குள் போய் வெளியே வராமல் தங்கிய ஒரே சங்கதியும் அதுதான்.

பிப்ரவரி 12, வியாழன்

சிங்கத்தின் உடம்பில் என் தலையை ஒட்டி, ‘சிறு வியாபாரிகளின் சிங்கம்’ என்று எவனோ படம் போட்டிருக்கிறான். சிங்கத்தின் பிடரி மயிர் எனக்குப் பொருந்துகிறது. என் வழுக்கையை அது நன்றாக மறைக்கிறது. கம்பத்திலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் கூப்பிட்டு அழுதார். ஈரோட்டிலிருந்து ஒரு மருந்துக் கடைக்காரர் கூப்பிட்டு, நான் தேர்தலில் நிற்க வேண்டும் என்றார். யோசிக்கிறேன் என்றேன்.

செண்பகவல்லி அம்மாவை நான்கைந்து பேர் கேட்கக் கூடாத கேள்வி கேட்டிருந்தார்கள். நான் லைக் போடவில்லை. தடுக்கவும் இல்லை. சிங்கம் இதற்கெல்லாம் வாய் திறக்குமா?

பிப்ரவரி 16, திங்கள்

செருப்பு வார் அறுந்தது. தைத்தாயிற்று.

பிப்ரவரி 18, புதன்

மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மின்சாரம் இல்லை. விசிறி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. நான் விட்ட வேர்வையில் வைகை அணை இரண்டடி உயர்ந்திருக்கும்.

செண்பகவல்லி அம்மா காலையிலேயே, ‘உங்கள் நோட்டில் இருப்பதும் தரவுதான் ஐயா’ என்று எழுதியிருந்தார். இந்த வழக்கை இன்றோடு முடிப்பது என்று தீர்மானித்தேன். நோட்டை மேசைமேல் விரித்து வைத்து, ஒரு படம் எடுத்து, முகநூலிலும் குழுவிலும் போட்டேன்:

‘பாருங்கள் உலகத்தீரே. இதுவா தரவு? இது கோடு போட்ட நோட்டு. இதற்கா கோடி ரூபாய் அபராதம்?’

மணி பத்து நாற்பது. பத்தே நிமிடத்தில் அந்த அம்மா: ‘ஐயா, படத்தை உடனே நீக்குங்கள். பெரிதாக்கினால் முழுதும் படிக்க முடிகிறது.’

தோற்றவர் பேச்சை மாற்றுவது உலக வழக்கம். ‘இந்த மாதிரி வாய்தா வாங்குவதை எல்லாம் நீதிமன்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் நடக்காது’ என்று எழுதினேன். கைதட்டல் காதைப் பிளந்தது. பதினொன்றரைக்குப் போனில் சார்ஜ் தீர்ந்தது. ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, வெற்றி பெற்றவனின் தூக்கம் தூங்கினேன்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. போனை எழுப்பினேன். அறுபத்து மூன்று தவறிய அழைப்புகள். அதில் இருபத்தேழு அக்கா.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 19, வியாழன்

நடந்தது நடந்தபடி. நான் விரித்து வைத்தது முதல் பக்கம். அதில் பிள்ளையார் சுழியும் நிலையத்தின் முத்திரையும் மட்டும்தான் உண்டு. படம் எடுத்த அந்தக் கணத்தில் மின்விசிறிக் காற்று வேகமாக அடித்து, பக்கங்கள் படபடவென்று புரண்டு, சரியாக 212இல் போய் நின்றுவிட்டது. காற்றின் மேல் எந்தச் சட்டம் பாயும்?

இனி அந்தச் சிவப்பு வரியை இங்கே எழுதினால் என்ன. தாராபுரத்திலிருந்து துபாய் வரை படித்துவிட்டார்கள். ‘வலிப்பு. ஆறு வருடமாக வரவில்லை. தினம் மாத்திரை. தானே சொல்வாளாம். நாம் வாய் திறக்கக் கூடாது.’ அதற்கு மேலே அவள் பெயர், அவள் வேலை செய்யும் மில், அவள் போன் நம்பர், மூலையில் அவள் சிரித்த முகம்.

ஜமால் பாய் கடையைத் திறக்காமல் நேரே என்னிடம் வந்தார்.

“மதுரைல சரக்கு எடுக்கப் போயிருந்தேன்ண்ணே. பதினொன்னே முக்கால்லேருந்து உங்களுக்கு அடிக்கிறேன். குழுவுல நான் எடுத்துட்டேன். பேஸ்புக்குல நீங்க அஞ்சு மணிக்குத்தான எடுத்தீங்க. அதுக்குள்ள போயிருச்சு.”

“எங்க போச்சு?”

“எங்கண்ணே போகல?”

வசுமதிக்கு நேற்று மட்டும் முன்பின் தெரியாத நாற்பது பேர் போன் செய்திருக்கிறார்கள். ஒருவன் வேப்பிலை அடிக்கச் சொன்னானாம். ஒருவன் ‘எனக்கும் அப்படித்தான், நாம் இருவரும் சேர்ந்து…’ என்றானாம். மில்லில் மேலாளர் கூப்பிட்டு, கொஞ்ச நாள் லீவில் இரும்மா, மிஷின் பக்கம் வராதே என்றிருக்கிறார். ஆறு வருடம் அதே மிஷின் பக்கத்தில் நின்றவள்.

அக்கா வந்தாள். உள்ளே வரவில்லை. படியில் நின்றபடியே கேட்டாள்.

“ஏன்டா பாணி, ஊருகிட்ட எல்லாம் மறைச்சேன். ஒங்கிட்டயும் சேத்து மறைச்சிருக்கணுமாடா நானு?”

காற்று என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

நாச்சியப்பன் போன் செய்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவில்லை. ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். நேரில் வருகிறேன் என்றேன். வராதே என்று சொல்லவில்லை.

சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 21, சனி

ஒட்டன்சத்திரம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் வாழ்நாளின் மகத்தான புளுகைத் தயாரித்தேன். அறுபத்தொரு வருடமாக நான் சொன்ன பொய்யெல்லாம் இந்த ஒரு பொய்க்கு ஒத்திகை என்று தோன்றியது.

மண்டியில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நாச்சியப்பன் நின்றிருந்தார். பக்கத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

“ஐயா, நான் யாரு?” என்றேன்.

“யாரு?”

“இந்த ஜில்லாவுலயே பெரிய புளுகன்.”

“அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல.”

“அந்தச் செவப்பு வரியும் புளுகுங்க. இன்னொரு சென்டர்காரன் என் நோட்டத் திருடப் பாக்குறான். அவன ஏமாத்த அங்கங்க பொய்யா எழுதி வச்சிருக்கேன். பிள்ளைக்கு ஒண்ணுமே இல்ல. சத்தியமா.”

அவர் ஒரு தக்காளியை எடுத்துத் துடைத்தார். பிறகு கீழே வைத்தார்.

“கோதண்டம், என் மூத்த மகளுக்கு ஒரு இடம் வந்துச்சு, நெனவிருக்கா? எல்லாம் கூடி வந்தப்ப, ‘அந்த இடம் வேணாங்க’ன்னு நிறுத்துனது யாரு? ஏன்யான்னு கேட்டேன். ‘நோட்டுல செவப்பு இருக்கு’ன்னு மட்டும் சொன்ன. ஒரு வார்த்த கூடச் சொல்லல. ரெண்டே வருஷத்துல அந்தப் பய குடிச்சுப்போட்டு வண்டியக் கவுத்தான். அன்னைக்கு ஒன் நோட்டு என் பிள்ளையக் காப்பாத்துச்சு.”

“அது வேறங்க…”

“ஒன் வாய நான் என்னைக்குமே நம்புனதில்ல. ஒன் நோட்ட எப்படி நம்பாம இருக்க?”

இருபத்தெட்டு வருடமாக நான் சம்பாதித்த ஒரே சொத்து அந்த நம்பிக்கைதான். இன்றைக்கு ஒரே ஒரு நாள் அதைக் கொளுத்திவிட நினைத்தேன். பற்றிக்கொள்ள மறுத்துவிட்டது.

கிளம்பும்போது ஒரு பை முருங்கைக்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

முருங்கைக்காய்க் குழம்பு வைத்தேன். உப்பு அதிகம். கொட்டிவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. வசுமதிதான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஓட்டலுக்கு அவள் போயிருக்கிறாள். போகிற தைரியம் எனக்கு இருந்திருக்காது.

“வந்தாரா?” என்றேன்.

“வந்தாரு. ரெண்டு காபி சொன்னாரு.”

“என்னம்மா சொன்னாரு?”

“நல்லவருதான் மாமா. ‘எனக்கு மட்டும் நீங்க சொல்லிருந்தா ஒண்ணுமே இல்லங்க’ன்னாரு. ‘இப்ப எங்க காலேஜுல அட்டெண்டர் வரைக்கும் தெரியுது. உங்களக் கூட்டிட்டு எந்த விசேஷத்துக்குப் போனாலும் எல்லாரும் உங்க கையையும் காலையும்தான பாப்பாங்க. அத என்னால தாங்க முடியாது’ன்னாரு. காபிய முழுசாக் குடிச்சுட்டுத்தான் போனாரு.”

“கெடக்கான் விடு. மாமன் வேற இடம்…”

“மாமா.”

தண்ணீர்த் தம்ளரை எடுத்தேன்.

“அத எப்படிச் சொல்லணும்னு ஒரு மாசமா சொல்லிச் சொல்லிப் பாத்தேன். பஸ்ல போறப்ப, குளிக்கிறப்ப. எங்க ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும், அவரு மொகம் மாறுனா அடுத்து என்ன பேசணும்னு. வலிப்பு என் கையில இல்ல மாமா. மாத்திரை டாக்டர் கையில. ஜாதகம் உங்க கையில. சொல்றது மட்டும்தான் என் கையில இருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்க.”

மின்விசிறிக் காற்றைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன்.

“அன்னைக்கு ஊரெல்லாம் கரண்ட்டே இல்லயே மாமா,” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆகவே அது சிறுமலையிலிருந்து இறங்கி வந்த காற்று. டைரியில் திருத்தி வாசித்துக்கொள்ளவும்.

பிப்ரவரி 27, வெள்ளி

யுத்தம் நிற்கவில்லை. என் கட்சிக்காரர்கள், ஒரு படம் கைதவறிப் போனதற்குச் சிங்கத்தைத் தூக்கில் போடுவதா என்று முழங்குகிறார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள், சட்டம் எதற்கு என்று கேட்டீர்களே, இதோ ஆதாரம் என்று அதே படத்தை மறுபடியும் போடுகிறார்கள். இவர்கள் அவள் வலது கையைப் பிடித்து இழுக்க, அவர்கள் இடது கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அவள் முகத்தை மறைத்துப் போட வேண்டும் என்று இரண்டு சேனையிலும் ஒரு வீரனுக்கும் தோன்றவில்லை.

எனக்கு அபராதம் வரவில்லை. எவரும் புகார் கொடுக்கவில்லை. பயந்தேனே அந்தக் கோடி, அது வேறு விலாசத்துக்குப் போய் வசூலாகிவிட்டது.

மதியம் செண்பகவல்லி அம்மாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி: ‘ஐயா, அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. படத்தை நீக்கச் சொல்லி இதுவரை நாற்பது பேருக்கு எழுதினேன். பத்தொன்பது பேர் நீக்கிவிட்டார்கள். நீங்களும் எழுதினால் விரைவாக நடக்கும்.’

கேலியாக ஏதாவது எழுத வேண்டும் என்று கால்மணி நேரம் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நன்றி என்று எழுதினேன். அதையும் அழித்தேன். பிறகு நாற்பத்தொன்றாவது ஆளைத் தேடி எழுத ஆரம்பித்தேன். ‘ஐயா, தயவுசெய்து’ என்று ஆரம்பிப்பது எனக்குப் பழக்கமில்லை. பதினாறு பேருக்கு எழுதியதில் பழகிவிட்டது. நான்கு பேர் நீக்கினார்கள். ஒருவன், ‘சிங்கமே கெஞ்சலாமா’ என்று சிரித்தான்.

மார்ச் 1, ஞாயிறு

இருபத்திரண்டு பேருக்கு எழுதினேன். தண்ணீர் வரவில்லை.

மார்ச் 4, புதன்

வசுமதி நிலையத்துக்கு வந்தாள். வழக்கமாக வந்தவுடன் என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை எழுப்பிவிடுவாள். இன்று வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். தட்டச்சு செய்தது.

அனுப்புநர் வசுமதி. பெறுநர், நிர்வாகி அவர்கள், மங்கள ஜோதி திருமணத் தகவல் நிலையம். மதிப்பிற்குரிய ஐயா, தங்களிடம் பதிவு செய்துள்ள என் சொந்த விவரங்கள் அனைத்தையும் நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு.

“எழுத்துல கேட்டா நீக்கணும்ல மாமா?”

பேச்சில் மாமா இருந்தது. கடிதத்தில் இல்லை. நான் கடிதத்தையே மூன்று தடவை படித்தேன், எங்காவது ஒரு மூலையில் இருக்குமா என்று.

ஏழாவது நோட்டை எடுத்து, அடிமட்டம் வைத்து, 212ஆம் பக்கத்தைப் பிசிறில்லாமல் கிழித்துக் கொடுத்தேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் கிழித்த முதல் பக்கம். அவள் மூலையில் இருந்த தன் புகைப்படத்தைப் பார்த்தாள். பிறகு எழுத்தைப் பார்த்தாள்.

“இந்தப் பக்கம் உங்க கையெழுத்து மாதிரியே இல்லயே. யாரு எழுதுனா?”

“நாந்தான்.”

என் முகத்தைப் பார்த்தாள். சிறுமலைக் காற்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். இந்த மாதத்தில் நான் செய்த நல்ல காரியம் அதுதான்.

“கோயம்புத்தூர்ல வேற மில்லு கெடச்சிருக்கு. திங்கக்கெழம சேரணும். அங்க யாரையும் தெரியாது.” பக்கத்தை நாலாக மடித்து மாத்திரை டப்பா இருக்கும் பைக்குள் வைத்தாள். “அதுவும் நல்லதுதான். மொதல்லேருந்து நானே சொல்லிக்கலாம்.”

வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, “அம்மாவ ஒரு எட்டுப் போய்ப் பாருங்க. சாப்பிடவே மாட்டேங்குது,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச் 5, வியாழன்

முதல் நாள் வாக்குக் கொடுத்தபடி, இந்த டைரியில் எதையும் நம்ப வேண்டாம். நாற்பதாயிரம் கல்யாணம் புளுகு. அக்கா சொன்ன நானூறும் என் மேல் உள்ள பாசத்தால் சொன்னது. வைகை அணையும் உயரவில்லை. நோட்டில் பிள்ளையார் சுழி போட்ட முதல் பக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது. மின்விசிறிக் காற்றும் புளுகு, சிறுமலைக் காற்றும் புளுகு. அன்றைக்கு வேப்பமரத்தில் ஒரு இலை அசையவில்லை.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும்.

என் ஏழு நோட்டிலும் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். உலகத்துக்கே காட்டப்போகிறோம், நல்லதாக ஒரு பக்கம் வேண்டும் என்று, அன்று காலை அரைமணி நேரம் உட்கார்ந்து ஏழு நோட்டையும் புரட்டினேன். ஒன்றுதான் தேறியது. அக்கா மகளுக்கு எழுதுகிறோம் என்று புதுப் பேனா வாங்கி, ஓரத்தில் கோடு போட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் நான் எழுதிய பக்கம். அதில் சிவப்பு வரி நீலத்தைவிட அழகாக இருந்தது. அதைத்தான் விரித்து வைத்தேன்.

அது மட்டும் உண்மை.